துறையும் காவலும்: இணையத்தின் திறந்த துறைகளைச் சோதித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராக விளங்கிய நல்லூர் கடற்கரையில் அமைந்த நகரன்று. ஆயினும் அந்நகரின் வாழ்வு கடற்றுறைகளிலேயே பெரிதுந் தங்கியிருந்தது. ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, கொழும்புத்துறை எனத் துறை என்னும் ஈறு கொண்ட ஊர்ப்பெயர்கள் குடாநாட்டின் விளிம்பெங்கும் காணப்படுகின்றன. யானையும் முத்தும் சங்கும் இத்துறைகளின் வழியே வெளிச்சென்றன. அவற்றால் வந்த வருவாய் அரசின் திறைசேரியை நிரப்பிற்று. 1560ஆம் ஆண்டிலும் 1591ஆம் ஆண்டிலும் போர்த்துக்கேயப் படைகள் கடல்வழியே வந்து நல்லூரைத் தாக்கின. 1619ஆம் ஆண்டில் இராச்சியம் வீழ்ந்தது. வணிகன் வரும் வழியும் பகைவன் வரும் வழியும் ஒன்றாகவே இருத்தல் துறைகளின் இயல்பு.

இன்று துறை என்னும் சொல் பிறிதொரு பொருளையும் பெற்றுள்ளது. இணையத்தோடு பிணைக்கப்பட்ட ஒவ்வொரு கணினியிலும் தகவல் புகவும் வெளியேறவும் உரிய இலக்கமிட்ட வாயில்கள் உள. ஆங்கிலத்திலே போர்ட் எனப்படும் இவற்றைத் தமிழில் துறை எனல் பொருத்தமாகும். ஒரு நிறுவனத்திற்கு உரிய பல இணையப் பெயர்களையும் வரிசைப்படுத்தி, அவை ஒவ்வொன்றின் பின்னாலும் எத்துறைகள் திறந்துள்ளன என்பதைச் சிறியதோர் ஆணைத்தொடரால் சோதித்தறிதல் கணினி நிர்வாகிகளின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. பார்வைக்கு இது வெறுந் தொழினுட்பக் கருமமாகவே தோன்றும். ஆனால் துறை எவ்வாறு தோன்றிற்று, ஏன் திறந்து விடப்பட்டது, அதனைச் சோதிக்கும் ஆற்றல் யார் கையில் இருந்தது என்னும் வினாக்களை எழுப்பும்போது அது ஒரு சமூக வரலாறாகின்றது. அவ்வரலாற்றை எமது பிரதேசத்தின் அனுபவத்தோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

2. ஊராத்துறையின் விதி

திறந்த துறை என்பதும் காவலற்ற துறை என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ள நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று உதவுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த இச்சாசனத்தைக் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டிற் பதிப்பித்து ஆராய்ந்தார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது சாசனத்தின் முதற் கருத்து. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிபப் பண்டம் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் செம்பாதி என்பது அதன் விதி. கல்வெட்டில் ஊராத்துறை என வரும் இடமே இன்று ஊர்காவற்றுறை என வழங்குகின்றது.

இதிலே மூன்று அமிசங்கள் அவதானிக்கத்தக்கவை. முதலாவது, துறை இன்னார்க்குத் திறந்தது என அரசு வெளிப்படையாக அறிவித்தமை. இரண்டாவது, இடர் நேரின் பொறுப்பும் பங்கும் யாருக்கு எவ்வளவு என முன்கூட்டியே வகுத்தமை. மூன்றாவது, சிங்கள மன்னன் ஒருவன், துறையைப் பயன்படுத்துவோர் அறிந்த மொழியாகிய தமிழிலேயே விதியைப் பொறிப்பித்தமை. திறந்திருப்பது எது, யாருக்காகத் திறந்துள்ளது, கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும் அக்கல்வெட்டு விடை கூறுகின்றது. இணையத் துறைகளைச் சோதிப்போரும் இம்மூன்றையுமே கேட்கின்றனர். ஆனால் இணையத்தின் தொடக்க காலத்தில் இவற்றுள் முதல் வினாவே விரிவாகக் கேட்கப்பட்டது.

3. இலக்கமிட்ட துறைகளின் தோற்றம்

1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில், நான்கு ஆய்வு நிலையங்களை இணைத்து ஆர்ப்பாநெட் என்னும் வலை தொடங்கப்பட்டது. ஒரே கணினி கடிதம் பெறுதல், கோப்பு வழங்குதல், தொலைவிலிருந்து இயக்கப்படுதல் எனப் பல பணிகளைச் செய்யவேண்டியிருந்தமையால், வரும் செய்தி எப்பணிக்கு உரியது என வேறுபடுத்த இலக்கங்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் தத்தமக்கு ஏற்ப இலக்கங்களைக் கையாண்டது. 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஜோன் போஸ்டல் ஒரு சுருக்கமான குறிப்பினை வெளியிட்டார். இவ்விலக்கங்களை ஒருவர் பொறுப்பேற்றுப் பகிர்ந்தளிக்க வேண்டும் எனவும், அப்பணியைத் தாமே செய்யலாம் எனவும் அதில் அவர் முன்மொழிந்தார். 1998ஆம் ஆண்டில் மறையும் வரை அப்பணியோடு அவர் பெயர் பிணைந்திருந்தது. உலகளாவிய பெரும் பதிவேடொன்று ஒரு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து வளர்ந்தது எனலாம்.

1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான ரி.சி.பி. விதிமுறை துறை எண்ணுக்குப் பதினாறு இருமக் கூறுகளை ஒதுக்கிற்று. அதனால் 0 முதல் 65,535 வரை எண்கள் கிடைத்தன. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஆர்ப்பாநெட் முழுவதும் இவ்விதிமுறைக்கு மாறியது. 21 கோப்புப் பரிமாற்றத்திற்கும், 23 தொலை இயக்கத்திற்கும், 25 மின்னஞ்சலுக்கும், 53 பெயர் விசாரணைக்கும் உரியவாயின. பின்னர் 80, 443 ஆகியன வலைப் பக்கங்களுக்கு உரியவாயின. 1995ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த தாத்து யலோனன் என்பார் மறைகுறியிட்ட தொலை இயக்கமொன்றை ஆக்கி, 21க்கும் 23க்கும் இடையே வெறுமையாயிருந்த 22ஐக் கேட்டுப் பெற்றார். ஒரு மின்னஞ்சலே அதற்குப் போதியதாயிருந்தது.

துறை திறந்திருத்தல் என்பதன் பொருளை ஈண்டு விளக்குதல் தகும். ஒரு கணினி மற்றொன்றின் ஒரு துறைக்கு 'தொடர்பு வேண்டும்' எனக் குறிப்பொன்றை அனுப்புகின்றது. அத்துறையில் ஒரு செயலி செவிகொடுத்துக் காத்திருப்பின் 'ஏற்றேன்' என மறுமொழி வரும்; முதற் கணினி அதனை உறுதிசெய்யத் தொடர்பு நிலைபெறும். செயலி எதுவும் இல்லையெனின் 'இல்லை' என மறுப்பு வரும். இடையிலே காவல் நிரல் ஒன்று குறிப்பினை விழுங்கிவிடுமாயின் மறுமொழியே வாராது. திறப்பு, மறுப்பு, மௌனம் ஆகிய மூன்றுமே சோதனையின் அடிப்படை.

இவ்வமைப்பின் உள்ளே அக்காலச் சமூக உறவொன்று பதிந்திருந்தது. 1024க்குக் குறைந்த துறைகளை யுனிக்ஸ் கணினியின் நிர்வாகி மட்டுமே திறக்கலாம் என்பது வழக்காயிற்று. ஆகவே அத்தகைய துறையிலிருந்து வருஞ் செய்தி நம்பத்தக்கது எனச் சில சேவைகள் கொண்டன. பெருங்கணினிகள் சில பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மட்டுமே இருந்த காலத்தில் நிர்வாகிகள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். அதனால் இந்நம்பிக்கை பழுதுறவில்லை. கணினி மலிந்து, ஒவ்வொருவரும் தத்தம் கணினிக்குத் தாமே நிர்வாகியானபோது அதன் அடித்தளம் அழிந்தது. விதி மட்டும் எஞ்சியது. உற்பத்திச் சாதனங்கள் பரவும் வேகத்திற்கு அவற்றை ஆளும் உறவுகள் ஈடுகொடாத நிலையினை இது காட்டுகின்றது.

4. ஷெல்லும் ஆணைத்தொடரும்

பயனர் இடும் ஆணையைப் பெற்றுக் கணினிக்கு அறிவிக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஓடு என்பது இதன் நேர்ப்பொருள். ஈழத்து வாசகர் பலருக்கு இச்சொல் முதலில் நினைவூட்டுவது கணினியை அன்று. போர்க்காலத்திலே வீட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு விழுந்த எறிகணையையும் எம்மவர் ஷெல் என்றே அழைத்தனர். ஒரே அந்நியச் சொல் ஒரு சமூகத்திற்குக் கருவியாகவும் மற்றொரு சமூகத்திற்கு அழிவாகவும் அறிமுகமாதல் மொழி வரலாற்றில் மட்டும் அடங்கிவிடும் செய்தியன்று.

1960களில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியியலாளர் லூயி பூசான், ஆணைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து வரிசையாக இயக்கும் முறையை உருவாக்கினார். ஷெல் என்னும் பெயரையும் அவரே இட்டார். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை ஆக்கினர். ஒரு நிரலின் விளைவை மற்றொரு நிரலின் உள்ளீடாக்கும் குழாய் முறை, டக்ளஸ் மக்கில்ரோய் வற்புறுத்தியதன் பேரில் 1973ஆம் ஆண்டில் அதிற் சேர்க்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு வெளியான ஏழாம் பதிப்பில் ஸ்டீவன் போர்னின் ஷெல் இடம்பெற்றது. 1989ஆம் ஆண்டில் பிரையன் ஃபொக்ஸ் அதனைத் தழுவிக் கட்டற்ற மென்பொருளாக பாஷ் என்னும் ஷெல்லினை வெளியிட்டார்.

யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களிற் பரவியமைக்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய ஏ.டி. அன்ட் டி. நிறுவனம், 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத்தின்படி கணினித் தொழிலில் இறங்க முடியாதிருந்தது. அதனாலேயே யுனிக்ஸின் மூலநிரல் சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. ஏகபோகத்தின் மீதான பொதுக் கட்டுப்பாடு அறிவின் பரவலுக்கு வழிசெய்தது என்பது முற்போக்குச் சிந்தனையாளர் மறக்கலாகாத செய்தி.

இனி, சோதனை நிகழும் முறையை நோக்குவோம். இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்றில் இணையப் பெயர்கள், வரிக்கு ஒன்றாக இருக்கும். மற்றதில் சோதிக்கவேண்டிய துறை எண்கள். ஆணைத்தொடர் முதற் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்கும், அப்பெயருக்கு இரண்டாம் பட்டியலின் எண் ஒவ்வொன்றாக எடுத்துத் தொடர்பு கொள்ள முயலும், விளைவை எழுதும், அடுத்த பெயருக்குச் செல்லும். வளையத்தினுள் வளையம் என இதனைக் கூறலாம். தட்டும் பணியைச் செய்ய நெட்கேட் என்னும் சிறு கருவி உண்டு. அது இல்லாதவிடத்து, பாஷ் ஷெல்லே ஒரு கோப்பினைத் திறப்பதுபோலத் துறையைத் திறந்துபார்க்கும் வசதியைக் கொண்டுள்ளது. ஒவ்வொரு விளைவும் திகதி, பெயர், முகவரி, துறை, நிலை என ஐந்து கூறுகளுடன் ஒரு வரியாக எழுதப்படின் பின்னர் ஒப்பிட இலகுவாகும்.

ஆயினும் எளிமை சில பிழைகளை மறைத்து வைத்திருக்கின்றது. முதலாவது காலம் பற்றியது. 200 பெயர்களுக்குப் பத்துத் துறைகள் வீதம் சோதித்தால் 2,000 முயற்சிகள் ஆகும். மௌனமான துறைக்கு மூன்று வினாடி காத்திருப்பதாகக் கொண்டால், யாவும் மௌனமாயின் 6,000 வினாடிகள், அதாவது நூறு நிமிடங்கள் செல்லும். எல்லை வகுக்காவிடின் இன்னும் பல மடங்காகும். ஒரே நேரத்தில் இருபது முயற்சிகளை நிகழ்த்தினால் ஐந்து நிமிடங்கள் போதும். ஆனால் வேகத்தைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால் எதிர்க் கணினியோ இடைப்பட்ட கருவியோ திணறிச் சில குறிப்புகளை விட்டுவிடும். திறந்த துறையும் மௌனத் துறையாகப் பதிவாகும்.

இரண்டாவது, பெயர் வேறு, கணினி வேறு என்பதை மறத்தல். ஒரே முகவரியிலுள்ள ஒரு கணினி நூறு பெயர்களுக்கு இடமளிக்கலாம். பெயர்தோறும் சோதித்தால் ஒரே வீட்டின் கதவை நூறு முறை தட்டியவராவோம். ஆதலின் பெயர்களை முதலில் முகவரிகளாக மாற்றி, மீண்டும் வருவனவற்றை நீக்கி, அதன் பின்னரே சோதித்தல் வேண்டும். மறுதலையாக, பெயரின் முன்னே இடைத்தரகு நிறுவனமொன்றின் கணினி நின்றால் நாம் காணும் துறைகள் தரகருடையவை. மூலக் கணினியின் நிலை பற்றி அவை எதனையுங் கூறா.

மூன்றாவது எமது மொழி சார்ந்தது. 2010ஆம் ஆண்டில் '.இலங்கை' என்னும் தமிழ் உயர்நிலைப் பெயர் இணையத்தின் வேர்ப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆனால் பெயர் விசாரணை அமைப்பு அடிப்படையில் உரோம எழுத்தையே கையாளுவது. தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பியூனிகோட் முறையால் உரோம எழுத்துக் கோவையாக மாற்றப்பட்ட பின்னரே தேடப்படுகின்றது. பட்டியலில் தமிழ்ப் பெயரை எழுதிவிட்டு மாற்றாது இயக்கினால், பழைய கருவிகள் 'அத்தகைய பெயர் இல்லை' என்று கூறிவிடும். சோதனை முடிந்ததென எண்ணுவோர், தமிழ்ப் பெயர்கள் மட்டும் சோதிக்கப்படாது விடுபட்டதை அறியார். விடுபட்டவை மொழியால் விடுபட்டன என்பதே இங்கு கவனத்திற் கொள்ளத்தக்கது.

5. சோதனையின் இரு முகங்கள்

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் விடுத்த நிரலொன்று ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிற்று. மின்னஞ்சற் சேவையிலும், பயனர் விபரங் கூறும் சேவையிலும் இருந்த பிழைகள் வழியாகவும், மேலே கூறிய பரஸ்பர நம்பிக்கையின் வழியாகவும் அது பரவிற்று. ஒன்றையொன்று நம்பிய சமூகத்தின் இறுதி அத்தியாயமாக அதனைக் கொள்ளலாம். அதன் உடனடி விளைவாகவே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர நிலையம் நிறுவப்பட்டது.

1995ஆம் ஆண்டு ஏப்ரலில் டான் ஃபார்மரும் வீட்சே வெனமாவும், ஒரு வலையிலுள்ள கணினிகளின் குறைகளைத் தேடிப் பட்டியலிடும் கருவியொன்றைக் கட்டணமின்றி வெளியிட்டனர். சாத்தான் என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டிருந்தனர். திருடனுக்குத் திறவுகோல் கொடுத்தார்கள் எனச் சிலர் கண்டித்தனர். வீட்டுக்காரனுக்குத் தன் கதவைச் சோதிக்க வழிகாட்டினார்கள் என வேறு சிலர் வாதிட்டனர். 1997ஆம் ஆண்டு செப்டெம்பரில் கோர்டன் லயன் வெளியிட்ட என்மாப் என்னும் கருவி துறைச் சோதனையைப் பொதுவழக்காக்கிற்று. 2013ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட சீமாப், உலகின் பழைய முகவரி வெளி முழுவதிலும் ஒரு துறையை ஒரே கணினியிலிருந்து நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள் சோதிக்க வல்லதாயிற்று.

கருவியின் இயல்பை அதன் பயன்பாடு தீர்மானிக்கின்றது என்பதற்கு 2012ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று சான்றாகும். பெயர் வெளியிடாத ஒருவர், எளிய கடவுச்சொற்களுடன் 23ஆம் துறை திறந்து கிடந்த ஏறத்தாழ 4,20,000 சிறு கருவிகளுட் புகுந்து, அவற்றையே கொண்டு இணையம் முழுவதையும் அளவிட்டார். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் அதே வகைக் கருவிகளுள் அதே வழியாற் புகுந்து, பெருஞ் சேவைகளை முடக்கும் படையாக அவற்றை மாற்றியது. முந்தியது எச்சரிக்கை, பிந்தியது விளைவு. நான்காண்டு இடைவெளியிற் கதவுகள் மூடப்படவில்லை. மலிவாக உற்பத்தி செய்து விற்றபின் பொறுப்பேற்காத வணிகமுறையே இதன் அடிப்படைக் காரணம்.

6. ஒரே ஆண்டு, இரு வரலாறுகள்

மேலே கூறிய 1995ஆம் ஆண்டினை மீண்டும் நோக்குவது பயனுடைத்து. அவ்வாண்டிலேயே இலங்கையில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியது. அதற்கு முன்னரே, 1990ஆம் ஆண்டில், இலங்கைக்குரிய டொட் எல்கே என்னும் உயர்நிலைப் பெயர் வழங்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையும் மொறட்டுவையை மையமாகக் கொண்டு வளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே தென்னிலங்கையில் இணையத்தின் முதற் பயனாளர் பல்கலைக்கழகத்தாரே எனலாம்.

வடக்கில் நிலை வேறு. 1990ஆம் ஆண்டு முதற் குடாநாட்டு மக்களுட் பெரும்பாலோர் மின்சாரமோ தொலைபேசியோ இன்றி வாழ்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஏப்ரலிற் போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, நல்லூரும் திருநெல்வேலியும் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டு, செம்மணி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். உலகின் பிறிதொரு பகுதியிற் கணினிக் கதவுகள் திறந்திருப்பது பற்றி விவாதம் நிகழ்ந்த ஆண்டிலே, எம்மவர் தம் வீட்டுக் கதவுகளைப் பூட்டிவிட்டு எப்போது திரும்புவோம் என்றறியாது சென்றனர்.

இவ்விணைவு உணர்ச்சிக்காக இங்கு கூறப்படவில்லை. இணையத்தை ஆக்கிய சமூகங்கள் நம்பிக்கைக் காலம், அதிர்ச்சி, கருவியாக்கம், சட்டம் எனப் படிப்படியாக ஒரு கால் நூற்றாண்டிற் பெற்ற பட்டறிவினை நாம் படிப்படியாகப் பெறவில்லை. போர் ஓய்ந்தபின் இணையம் ஆயத்தப் பொருளாக, அதன் குறைகளோடு சேர்த்து, எம்மை வந்தடைந்தது. நிறுவனங்கள் பிறரிடம் கணினி இடத்தை வாடகைக்குப் பெற்று, பிறர் அமைத்த இயல்பு நிலையிலேயே விட்டுவைத்தன. எத்துறைகள் திறந்துள்ளன என்பது வாடகைக்கு விட்டவனுக்குத் தெரியும், தாக்க வருபவனுக்குத் தெரியும், உரியவனுக்கே தெரியாது. இதனைத் தொழினுட்ப அறியாமை என்பதினும் சார்புநிலை என்பதே பொருந்தும்.

7. இலங்கையின் இரு படிப்பினைகள்

சார்புநிலை வடக்கிற்கு மட்டும் உரியதன்று. நாடளாவிய இரு நிகழ்ச்சிகள் இதனை உணர்த்துகின்றன.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி காலையில், கூகுளின் இலங்கைப் பெயர் உட்பட டொட் எல்கே என முடியும் சில பெயர்களை நாடியோர் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். தேயிலைத் தோட்ட மக்களின் இடர்கள், பத்திரிகைச் சுதந்திரம் முதலியன பற்றி அப்பக்கம் பேசிற்று. அந்நிறுவனங்களின் கணினிகளில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. பெயருக்கும் முகவரிக்கும் இடையிலான பதிவே மாற்றப்பட்டது. அன்று காலை தம் கணினியின் துறைகளை முகவரி கொண்டு சோதித்த நிர்வாகி யாவும் செம்மையெனக் கண்டிருப்பார். பெயர் எம்முகவரியைச் சுட்டுகின்றது என்பதையும் பட்டியலிலே பதிந்து, முன்னாட் பட்டியலோடு ஒப்பிட்டவரே மாற்றத்தை உணர்ந்திருப்பார். ஆகவே துறைச் சோதனை பெயர்ச் சோதனையிலிருந்து பிரிக்கத்தக்கதன்று.

இரண்டாவது நிகழ்ச்சி 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேர்ந்தது. அரசாங்கத்தின் மேகக் கணினியமைப்பினுட் புகுந்த கப்பம் கோரும் தீநிரல் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளைப் பாதித்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்கப்படாது அழிந்தன. அக்காலப் பகுதிக்கு வலைக்கு வெளியே வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. புதுப்பிக்காமைக்கு நிதித் தட்டுப்பாடும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2022ஆம் ஆண்டில் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்றதை நினைவுகூர்ந்தால் இதன் பின்னணி தெளிவாகும்.

மின்னஞ்சற் சேவையின் துறை திறந்திருத்தல் பிழையன்று. திறவாவிடின் கடிதம் வாராது. பிழை, அத்துறைக்குப் பின்னால் நின்ற மென்பொருள் முதுமையடைந்திருந்தமையும் கெட்டபின் மீட்க வழியின்றியிருந்தமையுமே. ஆகவே திறந்த துறைகளை எண்ணுவதோடு சோதனை முற்றுப்பெறாது. திறந்திருக்க வேண்டியவை எவை என்னும் பட்டியல் முதலில் இருத்தல் வேண்டும். அதனோடு ஒப்பிட்டு, மிகையாகத் திறந்தவற்றை மூடுதலும், திறந்தே இருக்கவேண்டியவற்றின் பின்னால் நிற்பதைப் புதுப்பித்தலும் வேண்டும். மூன்றாம் வினாவாகிய பொறுப்பு பற்றிய வினா இங்கேதான் எழுகின்றது. ஊராத்துறையில் மரக்கலம் உடைந்தால் யாருக்கு என்ன பங்கு என்பது வகுக்கப்பட்டிருந்தது. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட அரச ஆவணங்கள் அழிந்தபோது குடிமக்களுக்குரிய பங்கு வகுக்கப்பட்டிருக்கவில்லை.

8. தோம்பும் பட்டியலும்

பட்டியல் எப்போதும் நடுநிலையானதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்துக் காணிகளையும் குடிகளையும் தோம்புகளில் எழுதுவித்தனர். வரியும் ஊழியமும் பெறுவதே அப்பதிவின் நோக்கம். ஆயினும் அதே தோம்புகள் பிற்காலத்தில் உரித்துக்கும் வரலாற்றாய்வுக்கும் சான்றாயின. எண்ணப்பட்டவன் எண்ணியவனின் ஏட்டைத் தன் தேவைக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டமை எமது சமூக வரலாற்றின் ஒரு கூறு.

இன்று உலகின் கணினிகள் யாவும் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டன. 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷோடான் போன்ற சேவைகள் திறந்த துறைகளைத் தொடர்ந்து தேடித் தொகுத்துக் கட்டணத்திற்கும் வழங்குகின்றன. எங்கள் பாடசாலை, நூலகம், சனசமூக நிலையம் ஆகியவற்றின் பெயர்கள் இணையத்தில் இருக்குமாயின், அவற்றின் வாயில்களும் அப்பதிவேடுகளில் இடம்பெற்றிருக்கக்கூடும். பிறர் எழுதிய தோம்பிலே நாம் இருக்கின்றோம். நாமே எழுதிய தோம்பு எம்மிடம் உண்டா என்பதே வினா.

இங்கு ஒரு வரம்பினை வற்புறுத்தல் அவசியம். பிறர் கணினியை அனுமதியின்றிச் சோதித்தல் அறமன்று. அனுமதியின்றிக் கணினியை அணுகுதலை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்குகின்றது. மாணவர் தமக்கு உரித்தான கணினிகளையும் எழுத்து மூலம் அனுமதி பெற்ற நிறுவனங்களின் கணினிகளையுமே சோதித்தல் வேண்டும். வீதியிற் செல்பவன் ஒவ்வொரு வீட்டுப் படலையையும் தள்ளிப் பார்த்தால் ஊர் அதனைக் காவல் எனக் கொள்ளாது.

இதன் முக்கியத்துவம் எமக்குத் தனித்தன்மை வாய்ந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவ்விழப்பின் நினைவோடு, 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து இணையத்தில் இட்டுவருகின்றது. ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் தத்தம் மலர்களையும் பதிவேடுகளையும் இணையத்தில் ஏற்றுகின்றன. எரியாத தாளில் எழுதிவிட்டோம் என்னும் நிம்மதி இதனால் எழுதல் இயல்பே. ஆனால் கணினியிலுள்ள ஏட்டினை அழிக்கத் தீப்பந்தம் வேண்டியதில்லை. தரவுத்தளத்தின் துறையொன்று கடவுச்சொல்லின்றி உலகிற்குத் திறந்திருப்பின், எந்நாட்டவரென அறியப்படாத ஒருவரின் தானியங்கு நிரலே போதும். அன்றைய தீயைத் தொலைவிலிருந்தோரும் கண்டனர். இன்றைய அழிவு, எவரேனும் அந்நூலைத் தேடி வரும்வரை அறியப்படாமலே இருக்கவுங் கூடும்.

9. முடிவுரை

நல்லூர் இராசதானியின் நாற்றிசையிலும் கோயில்கள் அமைந்திருந்தமையை யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர் எனத் திசைக்கொரு தெய்வம் நின்றது. திசைகள் நான்காயிருந்தமையால் அவற்றை ஊரார் யாவரும் அறிந்திருந்தனர். துறைகள் 65,536 ஆகும்போது நினைவு போதாது. பட்டியலும் அதனை இயக்கும் ஆணைத்தொடரும் வேண்டப்படுகின்றன.

இதுவரை நோக்கியவற்றாற் சில முடிவுகள் பெறப்படுகின்றன. இணையத் துறைகளின் திறந்த தன்மை, ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வுச் சமூகத்தின் உறவுகளிலிருந்து பிறந்தது. வணிகப் பரவல் அவ்வுறவுகளை அழித்தபோதும் கதவுகளை மூடவில்லை. சோதிக்கும் கருவிகள் பொதுவுடைமையாகக் கிடைக்கின்றன. சோதிக்கும் அறிவு அவ்வாறு கிடைக்கவில்லை. அவ்வறிவு தமிழில் எழுதப்படாதவரை, ஊராத்துறைச் சாசனம் துறைக்கு வருவோர் அறியாத மொழியில் பொறிக்கப்பட்டிருந்தால் எத்துணைப் பயன் தந்திருக்குமோ அத்துணைப் பயனையே தரும்.

இச்சோதனையைத் தொடங்குதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கி 1979ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாகிய எமது உயர்கல்விக்கூடம் நல்லூர்ப் பிரதேசத்தைச் சேர்ந்த திருநெல்வேலியிலேயே அமைந்துள்ளது. அங்கு பயிலும் மாணவர் சிலர், அயலிலுள்ள பாடசாலைகள், வாசிகசாலைகள், சங்கங்கள் ஆகியவற்றின் எழுத்து அனுமதியைப் பெற்று, அவற்றின் இணையப் பெயர்களை ஒரு பட்டியலாக்கலாம். ஒவ்வொன்றிலும் திறந்திருக்க வேண்டிய துறைகளை உரியவரோடு பேசி வரையறுக்கலாம். இருபது வரிக்கு மேற்படாத ஆணைத்தொடரொன்றை வாரந்தோறும் இயக்கி, முன்வாரப் பட்டியலுக்கும் இவ்வாரப் பட்டியலுக்கும் இடையிலான வேறுபாட்டை உரியவருக்குத் தமிழில் எழுதி அறிவிக்கலாம். எமது துறைகளின் முதற் தோம்பு அவ்வாறு எம்மாலேயே எழுதப்படும்.